இணையவழியில் குடும்ப சிகிச்சை முனைவர் பட்டம்: உரிமம் ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு இது எதற்கு?

நிலாமதி:

அனைவருக்கும் வணக்கம். நான் கலிஃபோர்னியாவில் மணவாழ்வு மற்றும் குடும்ப சிகிச்சையாளர் உரிமம் பெற்றுப் பணியாற்றி வருகிறேன். என்னிடம் வருபவர்களில் கணிசமானோர் தமிழ்க் குடும்பத்தினர். மென்பொருள் வேலைக்காக வந்த தம்பதியர், பேறுகாலத்துக்கு உதவ வந்து ஆறு மாதம் தங்கும் பெற்றோர், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் என மூன்று தலைமுறையும் ஒரே அறையில் வந்து அமர்வது உண்டு. முதுநிலைப் படிப்பில் கற்ற முறைகள் அந்த அறையில் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கின்றன என்ற எண்ணம் வலுத்துக்கொண்டே வருவதால், முனைவர் பட்டத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

வேலையை விட முடியாது, பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். ஆகவே இணையவழிப் படிப்புதான் சாத்தியம். என் முன் இரண்டு வாய்ப்புகள் உள்ளன. ஒன்று, குடும்ப சிகிச்சைக் கல்விக்கான சிறப்பு அங்கீகாரம் பெற்ற ஆய்வுப் பட்டம். மற்றொன்று, அமைப்புநோக்கில், அதாவது குடும்பத்தை ஒன்றோடொன்று பிணைந்த ஓர் அமைப்பாகப் பார்க்கும் நோக்கில், படைப்பூக்கத்தோடு மாற்றத்தை உண்டாக்குவது பற்றிய, தத்துவமும் கலையும் கலந்த பாடத்திட்டம். கட்டணம் குறைவு, ஆனால் அந்தச் சிறப்பு அங்கீகாரம் இல்லை. மனம் இரண்டாவதை நாடுகிறது, அறிவு முதலாவதைச் சொல்கிறது. "முடித்தபின் உன் வேலையில் என்ன மாறும்?" என்று வீட்டில் கேட்டார்கள். அதற்குத் தெளிவான விடை என்னிடம் இல்லாததால் இங்கே கேட்கிறேன்.

பரிதி:

வணக்கம் சகோதரி. இத்துறையில் கற்பிப்பவன் என்ற முறையில், உங்கள் வீட்டில் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உரிமத்தைப் பொறுத்தவரை எதுவும் மாறாது. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இத்தொழிலுக்குத் தனி உரிமம் உண்டு, 1963இல் அதைத் தொடங்கிவைத்ததே உங்கள் கலிஃபோர்னியாதான். எங்கும் அடிப்படைத் தகுதி முதுநிலைப் பட்டமே. உரிமத்துக்காக மேற்பார்வையில் பணியாற்ற வேண்டிய 3,000 மணி நேரத்தை நீங்கள் ஏற்கெனவே கடந்துவிட்டீர்கள். 2024 ஜனவரி 1 முதல் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டம் குடும்ப சிகிச்சையாளர்களுக்கும் நேரடியாகப் பணம் தருகிறது; அங்கே உளவியலாளர் பெறும் தொகையில் 75 விழுக்காடு நமக்கு என்பது விதி. முனைவர் பட்டம் பெற்ற குடும்ப சிகிச்சையாளருக்கும் அதே 75 விழுக்காடுதான். இந்தப் பட்டத்தைக் கொண்டு உளவியலாளர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கு உளவியலில் முனைவர் பட்டம் வேண்டும், அதன் பயிற்சிப் பாதையும் வேறு.

மாறக்கூடியவை வேறு இடத்தில் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தில் முழுநேர ஆசிரியராக வேண்டுமென்றால் இந்தப் பட்டம் கிட்டத்தட்ட இன்றியமையாதது. ஆய்வு நிதிக்கு முதன்மை ஆய்வாளராக விண்ணப்பிப்பதற்கும், பெரிய நிறுவனங்களில் பயிற்சிப் பிரிவைத் தலைமையேற்று நடத்துவதற்கும் அது துணைசெய்யும். அமெரிக்க மணவாழ்வு மற்றும் குடும்ப சிகிச்சைச் சங்கம் வழங்கும் மேற்பார்வையாளர் தகுதியைப் பெறுவதற்கு முனைவர் பட்டமே தேவையில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அங்கீகாரம் குறித்து ஒரு விளக்கம். பல்கலைக்கழகம் முழுமைக்கும் கிடைக்கும் நிறுவன அங்கீகாரம் ஒன்று. குடும்ப சிகிச்சைப் படிப்புகளை மட்டும் ஆராய்ந்து கோம்ஃப்டே ஆணையம் தரும் சிறப்பு அங்கீகாரம் மற்றொன்று. முதலாவது இல்லாத இடத்தின் பக்கமே போக வேண்டாம். உங்கள் கையில் உரிமம் இருப்பதால் இரண்டாவது இல்லாமலும் தொழில் நடக்கும். ஆனால் பின்னாளில் ஆசிரியர் பணிக்கு விண்ணப்பித்தால், தேர்வுக்குழு முதலில் பார்ப்பது அதைத்தான்.

மருதன்:

அந்த இரண்டாவது பாடத்திட்டம் பற்றி ஒரு வார்த்தை. அமைப்புநோக்கு, படைப்பூக்கம், மாற்றம் என்று அழகான சொற்களை அடுக்கிவிட்டால் அது முனைவர் படிப்பாகிவிடுமா? இத்துறையின் வரலாற்றை ஓரளவு வாசித்தவன் என்ற முறையில் எனக்கு அச்சமே மிகுகிறது. இங்கே ஒவ்வொரு பத்தாண்டிலும் ஒரு குரு எழுகிறார். பயிலரங்க மேடையில் ஒரு குடும்பத்தை ஒரே அமர்வில் மாற்றிக் காட்டுகிறார். ஒளிப்பதிவு ஊர் ஊராகச் சுற்றுகிறது. ஆனால் ஓராண்டு கழித்து அக்குடும்பம் எப்படி இருக்கிறது என்று எவரும் போய்ப் பார்ப்பதில்லை. 1956இல் பாலோ ஆல்டோ ஆய்வாளர்களான பேட்சன், ஜாக்சன், ஹேலி, வீக்லாண்ட் ஆகிய நால்வரும் எழுதிய இரட்டைக்கட்டுக் கட்டுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கொன்று முரணான செய்திகளுக்கு நடுவே ஒருவரைத் தப்ப முடியாமல் சிக்கவைக்கும் பேச்சைத்தான் இரட்டைக்கட்டு என்றார்கள். சிந்தனையாக அது மகத்தானது. ஆனால் மனச்சிதைவுக்கு வீட்டுப் பேச்சே காரணம் என்ற பொருளில் அதை எடுத்துக்கொண்டவர்கள், எத்தனையோ தாய்மார்களின் மேல் பழியைச் சுமத்தினார்கள். அந்தக் காரண விளக்கத்துக்குப் பிற்கால ஆய்வுகளில் ஆதரவு கிடைக்கவில்லை.

இன்னொன்று. எல்லாமே வட்டச் சுழற்சி, எல்லோரும் எல்லோரையும் பாதிக்கிறார்கள் என்று மட்டும் பார்த்தால், அடிக்கிற கணவனும் அடிபடுகிற மனைவியும் ஒரே தட்டில் வந்துவிடுகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ரேச்சல் ஹேர்-மஸ்டின் 1978இலேயே பெண்ணிய நோக்கில் இதுபோன்ற கேள்விகளை எழுப்பிவிட்டார். தமிழ்க் குடும்பங்களோடு பணியாற்றும் ஒருவருக்கு இது ஏட்டுச் சர்ச்சை அன்று.

ஓவியா:

மருதன் ஐயாவின் கவலையில் நியாயம் இருக்கிறது. நான் இணையவழியில் இதே துறையில் முனைவர் பட்டம் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆய்வேட்டுக் கட்டத்தில் இருக்கிறேன். வன்முறை இருக்கும் வீட்டில் தம்பதியரைச் சேர்த்து உட்கார வைப்பதற்கு முன், ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசிப் பாதுகாப்பை உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்பது எங்கள் படிப்பில் கண்டிப்பாக வலியுறுத்தப்படுகிறது. அவர் குறிப்பிட்ட விமர்சனங்களின் விளைவுதான் அது. எனவே, நிலாமதி அம்மா, நீங்கள் பார்க்கும் பாடத்திட்டத்தில் ஹேர்-மஸ்டினும் அவரைப் போன்ற விமர்சகர்களும் இடம்பெறுகிறார்களா என்று வாசிப்புப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முன்னோடிகளின் புகழ் மட்டும் இருந்தால், மருதன் ஐயா சொன்னதே உண்மை.

இணையவழி என்றால் தரம் குறையும் என்ற எண்ணத்துக்கு மட்டும் என் அனுபவம் ஒத்துவரவில்லை. இத்துறை வளர்ந்ததே கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்தவர்களால்தான். ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடி. முன்னால் குடும்பமும் சிகிச்சையாளரும். பின்னால் இருட்டறையில் குழு. தேவைப்பட்டால் தொலைபேசியில் அழைத்து "அந்தப் பையனை அப்பாவின் பக்கத்தில் உட்காரச் சொல்" என்று சொல்வார்கள். 1985இல் நார்வேயின் ட்ரோம்சோ நகரில் டாம் ஆண்டர்சனும் அவருடைய குழுவினரும் அதைத் தலைகீழாக்கினார்கள். விளக்கையும் ஒலியையும் மாற்றி, குழு பேசுவதைக் குடும்பம் கேட்கும்படி செய்தார்கள். தங்களைப் பற்றி வல்லுநர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது, அதுவரை குடும்பத்தினருக்குத் தெரியாத இரகசியமாகவே இருந்தது.

காணொளிக் கூட்டத்தில் இதைச் செய்வதற்குக் கட்டடமே தேவையில்லை. எங்கள் வகுப்பில் நான்கு பேர் ஒரு குடும்பமாக நடிப்பார்கள், ஒருவர் சிகிச்சையாளர், மற்றவர்கள் ஒளியையும் ஒலியையும் அணைத்துவிட்டுக் கவனிப்பார்கள். பாதியில் பேராசிரியர் ஒரு சொல் சொன்னதும் குடும்பம் திரையிலிருந்து மறையும், குழு தோன்றும், பத்து நிமிடம் குழு தமக்குள் பேசும், குடும்பம் கேட்கும், பின் மறுபடி மாறும். மாமியாராக நடித்த சக மாணவி ஒருத்தி, "நீங்கள் என்னைப் பற்றி என்னிடம் பேசியபோது எதிர்த்தேன், என்னைப் பற்றி உங்களுக்குள் பேசிக்கொண்டபோது யோசித்தேன்" என்றாள். அந்த வாக்கியத்திலிருந்துதான் என் ஆய்வுக் கேள்வி பிறந்தது.

திரையில் முடியாதவையும் உண்டு. குடும்ப சிகிச்சை முன்னோடி மினூச்சின் செய்ததுபோல நாற்காலிகளை இடம் மாற்றிக் குடும்பத்தின் வடிவத்தைக் கண்முன் கலைக்க முடியாது. ஆனால் யார் கேமராவுக்குள் வருகிறார், யார் வரவில்லை என்பதே ஒரு செய்தியாகிவிடுகிறது. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். இளம் மனைவி ஒருத்தி ஒவ்வொரு விடைக்கு முன்பும் திரையின் இடப்பக்கம் பார்த்தாள். அங்கே குக்கர் விசில் கேட்டது. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் சமையலறையில் இருந்தார். "அங்கே யார்?" என்று நான் கேட்டிருந்தால் பேச்சு அடைபட்டிருக்கும். கணவனைப் பார்த்து, "உங்கள் மனைவியின் முகம் வாடினால் இந்த வீட்டில் முதலில் கவனிப்பவர் யார்?" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்து, "அம்மாதான்" என்றார். மனைவி திகைத்துப்போனாள். அடுத்த வாரம் மூவரும் சேர்ந்து அமர்ந்தார்கள். இத்தாலியின் மிலான் குழு வளர்த்தெடுத்த வட்டக் கேள்வி முறை இதுதான். ஒருவரைப் பற்றி மற்றொருவரிடம் கேட்கும்போது, யார்மேலும் பழி விழாமல் உறவு வெளியே தெரிகிறது.

செந்தாழை:

இடையில் ஒரு கேள்விக்கு மன்னிக்கவும். நான் கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கிறேன். உளவியலில் முதுநிலைப் பட்டத்தைச் சென்னையில் முடித்தேன். நேரடியாக இந்த இணையவழி முனைவர் படிப்பில் சேர்ந்து, பிறகு உரிமம் பெற முடியுமா?

பரிதி:

செந்தாழை, எச்-4 விசாவில் படிப்பதற்குத் தடை இல்லை. சிக்கல் மற்ற இரண்டில் இருக்கிறது. உரிமத்துக்கு வேண்டிய பாடங்களையும் நேரடிப் பயிற்சியையும் உங்கள் முதுநிலைப் பட்டம் உள்ளடக்கியிருக்கிறதா என்று மாநில வாரியம் ஒவ்வொன்றாகப் பார்க்கும். பெரும்பாலும் குறைகள் எழும். முனைவர் படிப்புகள் பலவும் அந்த அடிப்படை ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டே தொடங்குவதால், குறைகளை அவை நிரப்பித் தரமாட்டா. மற்றொன்று, பயிற்சிக்காலப் பணி ஊதியமில்லாததாக இருந்தாலும் வேலை என்று கருதப்படக்கூடும். பணி அனுமதி கையில் இல்லாத நிலையில், குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு இப்போது பொருத்தமானது உரிமத்துக்கு வழிசெய்யும் முதுநிலைப் படிப்புதான். முனைவர் பட்டம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வன்னியூரான்:

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். ஒன்ராறியோவில் உளச்சிகிச்சையாளராகப் பதிவுசெய்து பணியாற்றுகிறேன். இங்கே 2015 முதல் உளச்சிகிச்சையாளர்களுக்கெனத் தனிக் "கல்லூரி" ஒன்று பதிவை நடத்துகின்றது. பெயர்தான் கல்லூரி, அது தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு. அதற்கும் முனைவர் பட்டம் தேவையில்லை. சிரிப்புக்குரிய விடயம் என்னவென்றால், பட்டம் பெற்றாலும் சிகிச்சை அறையில் "டொக்டர்" என்று போட்டுக்கொள்ள முடியாது. மருத்துவர், பல்மருத்துவர், உளவியலாளர் முதலிய குறிப்பிட்ட சில தொழிலினர் மட்டுமே சுகாதார சேவை வழங்கும்போது அந்த அடைமொழியைப் பயன்படுத்தலாம் என்று மாகாணச் சட்டம் சொல்கின்றது. பதிவுபெற்ற உளச்சிகிச்சையாளர் அந்தப் பட்டியலில் இல்லை. பெயருக்கு முன்னால் போடுவதற்காகவே படிக்க நினைக்கும் நண்பர்கள் எல்லை தாண்டுவதற்கு முன்னர் இதை அறிந்துகொள்ளட்டும்.

ஆனாலும் நான் விண்ணப்பித்திருக்கிறேன். காரணம் வேறு. போரைக் கண்ட வட இலங்கையின் வன்னியிலிருந்து வந்த குடும்பங்களோடு வேலை செய்யும்போது, தனி ஆளின் மனவடு என்ற சட்டகம் போதாமல் போகின்றது. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் அவர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில் வட இலங்கையின் கூட்டு மனவடுவைப் பற்றி எழுதியபோது, குடும்பமும் ஊரும் சேர்ந்தே குலைந்துபோவதைக் காட்டினார். அங்கே குலைந்த ஊர் இங்கே ரொறன்ரோவின் ஸ்காபரோ அடுக்குமாடிகளில் எப்படித் தன்னைத் திரும்பக் கட்டிக்கொள்கின்றது, எந்த மௌனங்களைப் பிள்ளைகளுக்குக் கையளிக்கின்றது என்பதை யாராவது முறையாக எழுத வேண்டும். கோவில் திருவிழாவையும் இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கையும் மாவீரர் நாளையும் விட்டுவிட்டு அந்தக் குடும்பங்களைப் பற்றி எழுத இயலாது. நிலாமதி அக்கா பார்க்கும் இரண்டாவது பாடத்திட்டம் கலையையும் சடங்கையும் ஆய்வுப் பொருளாக ஏற்குமென்றால், அதை இலேசாகத் தள்ளிவிட வேண்டாம் என்பதே என் எண்ணம்.

பாலாற்றங்கரை:

ஊர் திரும்பும் எண்ணம் யாருக்காவது இருந்தால் ஒரு எச்சரிக்கை. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி இந்திய நிறுவனங்கள் இணையவழியில் முனைவர் பட்டம் நடத்தக் கூடாது. கல்விச் செயலி நிறுவனங்கள் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து விளம்பரப்படுத்தும் இணையவழி முனைவர் பட்டங்களுக்கு அங்கீகாரம் இல்லை என்றும் 2022 அக்டோபரில் அறிவித்தார்கள். எனவே இங்கே அரசுக் கல்லூரியில் ஆசிரியர் பணிக்கு இந்தப் பட்டத்தை நம்பி வருவது ஆபத்து. மருத்துவ உளவியலாளராகப் பதிவு செய்வதற்கு இந்திய மறுவாழ்வுக் கழகம் ஏற்கும் படிப்பு தனியே வேண்டும்.

வேலூர்க்காரன் என்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவருவது அமெரிக்கப் பாடத்திட்டம் கற்றுத்தரப்போகும் புதுமை என்று நினைக்க வேண்டாம். 1950களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களை வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். எங்கள் ஊர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் அதே காலந்தொட்டு நோயாளியோடு குடும்பத்தார் தங்கி, தாமே சமைத்து, பராமரிப்பைக் கற்றுக்கொண்டு போகிறார்கள். பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் குடும்ப மனநலத்துக்கெனத் தனி மையமே இருக்கிறது. ஆய்வேடு எழுதுகிறவர்கள் பாலோ ஆல்டோவையும் மிலானையும் மேற்கோள் காட்டும்போது இவற்றையும் ஓர் அத்தியாயத்திலாவது சேர்த்தால் நன்றாக இருக்கும்.

கணக்கன்:

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. குடியுரிமையோ பச்சை அட்டையோ உள்ளவர்கள் கூட்டரசுக் கடனை நம்பியிருந்தால், 2025 ஜூலையில் சட்டம் மாறிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு, மேற்படிப்பு மாணவர்களுக்கென இருந்த கிராட் பிளஸ் என்ற கூட்டரசுக் கடன் கிடையாது. முதுநிலை, முனைவர் மாணவர்களுக்குப் பொதுவாக ஆண்டுக்கு 20,500 டாலரும் மொத்தத்தில் 1,00,000 டாலருமே வரம்பு. முதுநிலைக்கு ஏற்கெனவே வாங்கிய கடனும் அந்த மொத்தத்தில் சேருமா, உங்கள் படிப்பு எந்த வகையில் வரும் என்று பல்கலைக்கழக நிதி அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

அதைவிட முக்கியம், விளம்பரத்தில் போட்டிருக்கும் மொத்தக் கட்டணம் ஆய்வேட்டை எத்தனை பருவத்தில் முடிப்பதாக வைத்துக் கணக்கிடப்பட்டது என்பது. பாடங்கள் குறித்த காலத்தில் முடிந்துவிடும். ஆய்வேடு அப்படியல்ல, முடியும்வரை ஒவ்வொரு பருவத்துக்கும் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். வால்டன் பல்கலைக்கழகத்தின் வணிக நிர்வாக முனைவர் படிப்பில் இறுதி ஆய்வுக் கட்டம் வேண்டுமென்றே நீட்டிக்கப்பட்டது என்று மாணவர்கள் தொடுத்த கூட்டு வழக்கு, 2024இல் 2.85 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. பல்கலைக்கழகம் குற்றச்சாட்டை ஏற்கவில்லை, துறையும் வேறுதான். ஆனால் பருவத்துக்குப் பருவம் கட்டணம் வாங்கும் எந்த இடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே.

மருதன்:

வன்னியூரான் எழுதியதைப் படித்தபின் என் எதிர்ப்பைச் சற்றுத் தளர்த்திக்கொள்கிறேன். அவரிடம் கேள்வி இருக்கிறது. அதற்கேற்ற இடத்தைத் தேடுகிறார். என் எச்சரிக்கை கேள்வி இல்லாமல் சேர்பவர்களுக்கு மட்டும் பொருந்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிலாமதி:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. படித்தபின் ஒன்று தெளிவாகிறது. உரிமத்துக்காகவோ வருமானத்துக்காகவோ எனக்கு இந்தப் பட்டம் வேண்டியதில்லை. ஆறு மாதம் வந்து தங்கிவிட்டுப் போகும் தாத்தா பாட்டியை, குடும்பத்தின் உறுப்பினராகக் கணக்கிடுவதா விருந்தினராகக் கணக்கிடுவதா என்ற இடத்தில்தான் என் வேலை ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறது. அவர்கள் விமானம் ஏறியதும் வீட்டில் நிம்மதியும் வெறுமையும் ஒன்றாக வருகின்றன. அந்த மாதங்களில்தான் தம்பதியர் என்னைத் தேடி வருகிறார்கள். இதைப் பற்றி எழுத வேண்டும். மருதன் ஐயா கேட்ட கேள்வி இதுவாக இருக்கலாம்.

அங்கீகாரம் பெற்ற முதல் படிப்பில் இதை மேற்கொள்ள இடமுண்டா என்று கேட்டு எழுதப்போகிறேன்; கற்பிக்கும் ஆசையும் எனக்கு உண்டு, அதை முதலில் சொல்லாமல் விட்டுவிட்டேன். இன்னும் ஒரே ஒரு ஐயம். ஆய்வேட்டுக்கு வழிகாட்டும் நெறியாளரை நேரில் பார்க்காமல், அவர் மாணவரைக் கரைசேர்ப்பவரா, நடுவில் விட்டுவிடுபவரா என்று எப்படி அறிவது?

பரிதி:

நல்ல கேள்வி. சேர்க்கை அலுவலர் சொல்வதை விட்டுவிடுங்கள்; அவர் வேலை உங்களைச் சேர்ப்பது. ஆய்வேடுகள் பெரும்பாலும் புரோக்வெஸ்ட் தரவுத்தளத்தில் கிடைக்கும். நெறியாளர் பெயரை இட்டுத் தேடினால் கடந்த சில ஆண்டுகளில் அவரிடம் முடித்தவர்கள் யார், எந்தத் தலைப்பில் என்று தெரிந்துவிடும். ஒருவர்கூட முடிக்கவில்லை என்றால் அங்கேயே விடை இருக்கிறது. முடித்தவர்கள் இருந்தால் நன்றியுரைப் பக்கத்தைப் படியுங்கள். நெறியாளருக்கு ஒரு வரி மட்டும் ஒதுக்கி, நடுவில் குழுவுக்குள் வந்து சேர்ந்த வேறொரு பேராசிரியருக்கு அரைப்பக்கம் எழுதியிருந்தால், யாரை நெறியாளராகக் கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே புரியும். பிறகு அந்த மாணவர்களில் இருவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அத்தியாயத்தை அனுப்பினால் எத்தனை வாரத்தில் திரும்பி வந்தது என்று மட்டும் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு விடை சொல்ல எவரும் தயங்கி நான் பார்த்ததில்லை.